மார்க் ரோத்கோ: ஸ்டூடியோ வாசலைத் தாண்டிய படங்களுக்கு என்ன ஆயிற்று?

அரூப ஓவியம் வரைந்து, காட்சிக்கு வைத்து, விற்றுப் பிழைக்கிறவர்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டிய கதை அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ரோத்கோவின் படங்களுடையது. அவை இன்று ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்பது இங்கே பேச்சில்லை. ஸ்டூடியோவை விட்டு வெளியே போகும் படத்துக்குப் பெரிதாக மூன்று கேடுகள் வரலாம்: பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொள்வது, நிறம் போவது, விற்பனைக் கணக்கு கை மாறுவது. மூன்றும் அவர் படங்களுக்கு வந்தன. மூன்றுக்கும் ஆவணம் இருக்கிறது.

உருவப் படத்தில் சிவப்புச் சட்டை வெளிறினாலும் முகம் மிச்சம் இருக்கும், பார்ப்பவருக்கு அது யார் என்று தெரியும். பெரிய நிறப்பரப்புகளை மட்டும் நம்பி நிற்கும் அரூபப் படத்தில் அப்படிப்பட்ட மிச்சம் எதுவும் கிடையாது. நிறம் மாறினால் படமே மாறிவிட்டது. பளபளப்பு மாறினாலும், பக்கத்துச் சுவரின் வெள்ளை கூடினாலும், விளக்கு நெருங்கினாலும் அப்படித்தான். அதனால் அரூப ஓவியருக்கு நிறமி, வெளிச்சம், ஒப்பந்தம் ஆகிய மூன்றும் வரைகிற வேலையின் பகுதிதான். படத்தை அனுப்பிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாதவை.

ரோத்கோ 1903இல் ட்வின்ஸ்கில், இன்றைய லாட்வியாவில், பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர். படம் விற்று வாழத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான். 1929 முதல் 1952 வரை புரூக்ளினில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த சம்பளமும் சேர்ந்துதான் வீடு நடந்தது. பெரிய வாய்ப்பு வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

சீக்ரம்: இடத்தை முன்கூட்டிப் பார்ப்பது

1958இல் நியூயார்க் சீக்ரம் கட்டடத்தில் வரவிருந்த ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்காகச் சுமார் 600 சதுர அடிக்கு ஓவியங்கள் வரைந்துதர ஒப்புக்கொண்டார். பேசிய தொகை 35,000 டாலர். பவரி தெருவில் பழைய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உணவக அறையின் அளவுக்கே உள்ளே சாரம் கட்டி, அதில் படங்களை ஏற்றி இறக்கிப் பார்த்தபடி வேலை செய்தார். 600 சதுர அடிக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக, முப்பது படங்கள் வரை வரைந்தார்.

அந்தச் சாரம்தான் கவனிக்க வேண்டிய விஷயம். சின்ன அறையில் வரைந்த படம் பெரிய கூடத்தில் அடங்கிப்போகும், உயரமான ஸ்டூடியோவில் வரைந்தது தாழ்ந்த கூரைக்குக் கீழே அமுக்கும். காட்சிக்கு இடம் உறுதியானதும் சுவரின் நீளம், கூரையின் உயரம், பார்ப்பவர் நிற்கக்கூடிய அதிகபட்சத் தூரம் ஆகிய மூன்று அளவுகளையும் எடுத்துவந்து ஸ்டூடியோத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் இதே பலன் கிடைக்கும். நாலு மீட்டர்தான் பின்னால் போக முடியும் என்ற அறைக்கு மூன்று மீட்டர் அகலப் படத்தை அனுப்புவது தவறே இல்லை. ஆனால் அது அருகில் நின்று பார்க்கப்படும் படம் என்று தெரிந்து, விளிம்புகளையும் தூரிகைத் தடங்களையும் அதற்கேற்ப முடித்திருக்க வேண்டும்.

அளவையெல்லாம் பார்த்தவர் பார்க்காமல் விட்டது அறையின் பயன்பாட்டை. 1959இல் மனைவியோடு அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவர், தன் படம் இந்த இடத்தில் தொங்காது என்று முடிவுசெய்தார். ஒப்பந்தத்தை முறித்து, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடம் அப்போது மற்ற படங்கள் விற்றுக்கொண்டிருந்தன, அதனால் முடிந்தது. முன்பணத்தை ஏற்கெனவே கேன்வாஸிலும் வாடகையிலும் போட்டுவிட்ட ஓவியரால் முடியாது. கேட்டு வரைவிக்கும் வேலையில் மூன்று கட்டமாகப் பணம் வாங்குவது இதற்காகத்தான்: வரைவுக்கு ஒரு பங்கு, வரைவு ஒப்புதலானதும் ஒரு பங்கு, மாட்டியதும் மீதி. எந்தக் கட்டத்தில் யார் விலகினால் எந்தப் பணம் திரும்பாது, படம் யாருக்குச் சொந்தம் என்பதை அந்தக் காகிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ரோத்கோவின் கையில் படங்கள் தங்கியதால்தான் பிறகு அவற்றில் 9 லண்டன் டேட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர முடிந்தது.

ஒயிட்சேப்பல் தாள்

1961இல் லண்டன் ஒயிட்சேப்பல் கேலரியில் அவருடைய காட்சி நடந்தபோது, படங்களை எப்படி மாட்ட வேண்டும் என்று குறிப்பு அனுப்பினார். தொழில்முறை ஓவியர் கேலரிக்குத் தர வேண்டிய தாளுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

சுவர் வெள்ளைவெளேரென்று இருக்கக் கூடாது, அம்பர் மண்நிறம் கலந்து, கொஞ்சம் சிவப்பால் வெதுவெதுப்பாக்கிய மங்கல் வெள்ளை வேண்டும் என்றார். சுவர் மிக வெள்ளையாக இருந்தால் அது படத்தோடு மல்லுக்கு நிற்கும், சிவப்பு ஓங்கிய படங்களின் அருகே பச்சை சாயல் தட்டும். இது கண்ணின் இயல்பு: சிவப்பை நீண்ட நேரம் பார்த்த கண் பக்கத்து வெள்ளையில் அதன் எதிர்நிறத்தைக் காணும். விளக்கு கடுமையாக இருக்கக் கூடாது, ஒரு படத்தின் மேல் தனியாகக் குவிக்கவும் கூடாது என்றார். பெரிய படங்களைத் தரையை ஒட்டி, கூடுமானால் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல், உள்ளே வருபவர் முதலிலேயே நெருக்கத்தில் எதிர்கொள்ளும்படி மாட்டச் சொன்னார்.

ஒவ்வொரு வரியிலும் ஓர் அளவோ காரணமோ இருக்கிறது பாருங்கள். ‘நல்ல வெளிச்சத்தில் மாட்டவும்’ என்று எழுதிக் கொடுத்தால் கேலரி ஊழியர் தனக்குப் பழக்கமானபடி, படத்தின் நடுப்புள்ளியைத் தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டருக்குள் வைத்து, மேலே ஒரு குவிவிளக்கைத் திருப்பிவிட்டுப் போவார். சாதாரண அளவுப் படங்களுக்கு அந்த உயரம் சரிதான். இரண்டு மீட்டர் உயரப் படத்துக்கு ஓவியர்தான் எண்ணைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பின்புறம் மேல்நோக்கிய அம்புக்குறியும் கட்டாயம் வேண்டும். அரூபப் படம் தலைகீழாகத் தொங்கினால் அதைக் கண்டுபிடிக்க ஓவியரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஹார்வர்டு: வெயில் தின்ற சிவப்பு

சீக்ரம் படங்களைத் திரும்ப எடுத்துக்கொண்ட சில ஆண்டுகளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக மறுபடியும் ஓர் உணவறைக்கு வரைந்தார். ஜோசப் லூயி செர்ட் வடிவமைத்த ஹோலியோக் சென்டர் கட்டடத்தின் உச்சித் தளம், பெரிய ஜன்னல்கள். 1962இல் ஆறு படங்கள் வரைந்து, அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்று படங்கள் ஒரே தொகுதி, மற்ற இரண்டும் தனி. உயரம் ஏறத்தாழ 2.7 மீட்டர். 1963இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டு, 1964இல் உணவறையில் மாட்டப்பட்டன. சுவருக்கு ஆலிவ் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள், ஜன்னலுக்குத் திரையும் போட்டார்கள். ஆனால் அந்த அறைக்கு வருபவர்கள் வெளியே தெரியும் காட்சிக்காகத் திரையைத் திறந்தே வைத்தார்கள். கருஞ்சிவப்பாக, ஆழ்ந்த கிரிம்சன் நிறத்தில் போன படங்கள் வெளிறத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில், ஜன்னல் வெயில் எங்கே விழுந்ததோ அதற்கேற்ப. அதிகம் அடிபட்ட படம் வெளிர்நீலத்துக்கே வந்துவிட்டது. விருந்துகள் நடக்கும் அறை என்பதால் கீறல், நசுங்கல், உணவுத் தெறிப்பு எல்லாம் சேர்ந்தன. 1979இல் கழற்றி இருட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

காரணம் இரண்டு. வெயில் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது காரணம் குழாயிலிருந்து வந்தது. அந்தக் கிரிம்சனில் அவர் பயன்படுத்திய சிவப்பு லித்தால் சிவப்பு. பி.ஆர். 49 என்ற எண்ணில் வரும் இந்த நிறமி அச்சு மைகளில் பெரிதும் புழங்குவது. பளிச்சென்று இருக்கும், விலை குறைவு, ஆனால் வெளிச்சம் தாங்காது. அதோடு அவர் கலந்த அல்ட்ராமரீன் நீலமோ வெளிச்சத்துக்கு அசையாத கனிம நிறமி. சிவப்பு கரைந்துபோக நீலம் அப்படியே நின்றது. படம் வெறுமனே மங்கவில்லை, வேறு நிறமாகவே ஆகிவிட்டது. இரண்டு நிறமிகளைக் கலக்கும் எவருக்கும் இது அடிப்படைப் பாடம்: கலவையின் ஆயுள் அதில் பலவீனமான நிறமியின் ஆயுள்தான், பலமானது கலவையைக் காப்பாற்றாது. மேலே வார்னிஷ் இல்லாத, மெல்லிய, பளபளப்பில்லாத (மேட்) பூச்சு என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

பழுதுபார்க்க வழி இருந்ததா? மேலே மறுபடி சிவப்பு பூசலாம். ஆனால் வார்னிஷ் இல்லாத பரப்பில் புதிதாகப் பூசியதை, கீழே உள்ளதைத் தொடாமல் பிறகு எடுக்க முடியாது. பழுதுபார்ப்புத் தொழிலில் திரும்ப எடுக்க முடியாத வேலையைச் செய்யக் கூடாது என்பது முதல் விதி. எனவே 2014இல் ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்களும் எம்.ஐ.டி. மீடியா லேபும் சேர்ந்து படத்தைத் தொடாத ஒரு வழியைக் கையாண்டன. ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய நிறத்துக்கும் இப்போது இருக்கும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அந்த வித்தியாசத்தை மட்டும் ப்ரொஜெக்டர் ஒளியாகப் படத்தின் மேல் பாய்ச்சினார்கள். அந்தக் காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு ப்ரொஜெக்டரை அணைத்தார்கள். அந்த நொடியில் கிரிம்சன் விலகி, எதிரே வெளிறிய படம் நின்றது.

‘இருக்க வேண்டிய நிறம்’ எது என்று எப்படித் தெரிந்தது? 1964இல் எடுத்த எக்டாக்ரோம் வண்ணப் படச்சுருள் இருந்தது. ஆனால் சுருளின் சாயமும் அதற்குள் வெளிறிப்போயிருந்ததால், அதை முதலில் பாசல் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டலாகச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. சரிபார்க்க உதவியது, மாட்டப்படாமல் ரோத்கோவிடமே திரும்பிய ஆறாவது படம். வெயில் படாததால் அதன் நிறம் அப்படியே இருந்தது.

இன்றைய ஓவியர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது. ஒவ்வொரு படத்துக்கும் அதே நாளில், அதே கலவையில், அதே அடிப்பூச்சு மேல், உள்ளங்கை அகல அட்டை ஒன்றில் மாதிரி பூசி, தேதியும் நிறமி எண்களும் எழுதி, உறையில் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் நிற அளவு அட்டையை வைத்து ஒரு பிரதி கூடுதலாக எடுக்க வேண்டும். கோப்பு தொலையலாம், திரைக்குத் திரை நிறம் மாறலாம். அட்டை மாறாது.

நிறமியைச் சோதிப்பது

குழாயின் முன்பக்கத்தில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது. கிரிம்சன், ரோஸ், ஸ்கார்லெட் என்பவை வணிகப் பெயர்கள். ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு நிறமிகளை அடைக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைத்தான் படிக்க வேண்டும். சிவப்பில் பி.ஆர். 254 பைரோல், பி.ஆர். 108 காட்மியம், பி.ஆர். 101 இரும்பு ஆக்சைடு, ஊதாவை ஒட்டி பி.வி. 19 க்வினாக்ரிடோன் ஆகியவை நம்பத் தகுந்தவை. பி.ஆர். 83 எனப்படும் அலிசரின் கிரிம்சன் மெல்லிய பூச்சில் வெளிறும். ஃப்ளூரசன்ட் நிறங்கள் எந்தப் பெயரில் வந்தாலும் வெளிறும். வெளிச்சம் தாங்கும் திறனைக் காட்டும் ஏ.எஸ்.டி.எம். தரவரிசை போட்டிருந்தால் ஒன்றாம், இரண்டாம் நிலைகளை மட்டும் விற்பனைப் படத்தில் சேர்க்கலாம். எண்ணே போடாத குழாய் பயிற்சிக்கு மட்டும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். அடிப்பூச்சு அடித்த அட்டையில் மூன்று பட்டைகள்: நிறமி தனியாக, ஒரு பங்குக்கு நாலு பங்கு வெள்ளை கலந்து, படத்தில் உண்மையில் பயன்படுத்தும் கலவையாக. நன்றாகக் காய்ந்ததும் அட்டையின் பாதியை அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றி, அதிகம் வெயில் விழும் ஜன்னலில் கண்ணாடியை ஒட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் ப்ளூ வூல் எனப்படும் நீலக் கம்பளிப் பட்டைகள் ஒட்டிய அட்டை ஒன்று வைத்தால் ஒப்பிட அளவுகோல் கிடைக்கும். அதில் எட்டுப் பட்டைகள், முதலாவது மிக விரைவில் வெளிறும், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தாங்கும். ஆறாம் பட்டைக்கு முன்பே தோற்கும் நிறமி விற்கும் படத்துக்கு வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் தாளைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை கலந்த பட்டைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நிறமி குறைவாக இருக்கும் இடத்தில் சேதமும் முன்னதாகவே கண்ணில் படும். ‘குழாயில் ஒன்றாம் நிலை என்றுதானே போட்டிருந்தது’ என்று பலர் ஏமாறுவது கிளேஸ் எனப்படும் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளில்தான். தரவரிசையை எந்தச் செறிவில் சோதித்தார்களோ, அதைவிட மெல்லிதாக நாம் பூசுகிறோம்.

அடுத்தது வெளிச்சத்தின் கணக்கு. வெளிச்சச் சேதம் கூட்டிக்கொண்டே போவது, ஓய்வு கொடுத்தால் திரும்பாது. கேலரியில் 200 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) விளக்கு, நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 1,600 லக்ஸ்-மணி. ஆண்டுக்கு 300 நாள் திறந்தால் 4,80,000. இப்போது வாங்கியவர் வீட்டில் அந்தப் படத்தின் மேல் நேரடி வெயில், 50,000 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம், தினம் 2 மணி நேரம் விழுகிறது. ஒரே நாளில் 1,00,000 லக்ஸ்-மணி. கேலரியில் இரண்டு மாதத்தில் வாங்கியிருக்க வேண்டியதை ஒரு நாளில் வாங்குகிறது. ஆண்டில் 200 நாள் அப்படி வெயில் அடித்தால் 2 கோடி, அதாவது கேலரிச் சுவரில் ஏறத்தாழ 40 ஆண்டு. வாங்குபவரிடம் இந்த எண்களைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், ‘வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிமை ஜன்னலில் ஒட்டுவது நல்லதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறமியை அரிக்கும் என்பதால் அது மட்டும் போதாது.

திரையை நம்பாதீர்கள். ஹார்வர்டில் திரை இருந்தது. மூடிவைக்க ஒரு பொறுப்பாளர் இல்லை. இடத்தின் சொந்தக்காரர் ‘திரை போட்டுவிடுகிறோம்’ என்றால் வேறு சுவரைக் கேளுங்கள். ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரைவிட ஜன்னல் இருக்கும் அதே சுவரில் வெளிச்சம் பல மடங்கு குறைவு.

டேட்: ஒரு மூலை மை

ஃபோர் சீசன்ஸுக்குப் போகாத படங்களில் ஒன்றான ‘பிளாக் ஆன் மரூன்’, 2012 அக்டோபரில் டேட் மாடர்னில் தொங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் அதன் மூலையில் மையால் எழுதிவிட்டார். மை அடுக்குகளைக் கடந்து கேன்வாஸின் பின்பக்கம் வரை ஊறியது. பழுதுபார்க்க ஏறத்தாழ பதினெட்டு மாதம் ஆயிற்று, 2014 மே மாதம்தான் படம் சுவருக்குத் திரும்பியது. அந்த மாதங்களில் பெரும்பங்கு சோதனைக்குப் போனது. ரோத்கோ பூச்சு முறையை யாரிடமும் விளக்காதவர், ஒரே படத்தில் எண்ணெய், முட்டை, டம்மர் பிசின் என்று பலவற்றைக் கையாண்டவர். எந்தக் கரைப்பான் மையை எடுக்கும், எது அடியில் உள்ள பூச்சையும் சேர்த்துக் கரைக்கும் என்று தெரிய, அதே அடுக்குகளில் மாதிரிக் கேன்வாஸ் தயாரித்து, அதன் மேல் அதே வகை மையைப் பூசி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் பென்சைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் சேர்ந்த கலவை கைகொடுத்தது.

நம் படத்துக்கு யாரும் பதினெட்டு மாதம் செலவிட மாட்டார்கள். சட்டத்தின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது: தலைப்பு, ஆண்டு, அளவு, அடிப்பூச்சு என்ன, மேலே எந்த வரிசையில் எவை, நிறமி எண்கள், வார்னிஷ் உண்டா இல்லையா, உண்டென்றால் எது. ‘வார்னிஷ் இல்லை, ஈரத்துணியால் துடைக்கக் கூடாது’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மேட் பரப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால்கூட அந்த இடம் பளபளத்துவிடும், பிறகு அது போகாது.

அக்ரிலிக் படங்களை அனுப்பும்போது இன்னொரு ஆபத்து. அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இளகி ஒட்டும் தன்மைக்கு வந்துவிடும். குமிழ் பிளாஸ்டிக்கின் குமிழ்ப்பக்கம் படத்தைத் தொட்டபடி கட்டினால் வட்ட வட்டமாக அச்சு விழும், கெட்டியான பூச்சில் அதைச் சரிசெய்ய வழியில்லை. நான்கு ஓரத்திலும் படப்பரப்பைவிட உயரமான அட்டை விளிம்பு கட்டி, மேலே எதுவும் தொடாதபடி மூடுவதுதான் சரி. கட்டாயம் எதையாவது மேலே போட வேண்டுமென்றால் சிலிக்கான் பூசிய ஒட்டாத தாள், குமிழ்ப்பக்கம் வெளியே.

மார்ல்பரோ: கணக்கு கை மாறியபோது

ரோத்கோ 1970 பிப்ரவரி 25 அன்று இறந்தார். அவர் விட்டுச்சென்றவை 798 படங்கள். உயிலை நிறைவேற்ற மூன்று பேர்: கணக்காளர் பெர்னார்ட் ரைஸ், ஓவியர் தியோடோரஸ் ஸ்டாமோஸ், பேராசிரியர் மார்ட்டன் லெவின். மூன்று மாதத்துக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் போட்டுவிட்டார்கள். 100 படங்களை மார்ல்பரோ கேலரி நிறுவனத்துக்கு 18 லட்சம் டாலருக்கு விற்றார்கள். கையில் 2 லட்சம், மீதி 16 லட்சம் பன்னிரண்டு ஆண்டுத் தவணையில், வட்டியில்லாமல். மிச்சமிருந்த ஏறத்தாழ 700 படங்களை நியூயார்க் மார்ல்பரோவிடம் விற்றுத்தர ஒப்படைத்தார்கள், 50 சதவீதக் கமிஷனுக்கு. வேறு கேலரிகளுக்கு விற்றால் 40.

வட்டியில்லாத தவணை என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 1,33,333 டாலர், பன்னிரண்டு ஆண்டு. 6 சதவீத வட்டி வைத்தால் அந்த 16 லட்சத்தின் அன்றைய மதிப்பு ஏறத்தாழ 11 லட்சத்து 18 ஆயிரம்தான். முன்பணத்தையும் சேர்த்தால் 13 லட்சத்துச் சொச்சம். படத்துக்கு 18,000 டாலர் என்று காகிதத்தில் தெரிந்தது உண்மையில் 13,200 சுமார்.

ரைஸ் அந்த மார்ல்பரோ நிறுவனத்திலேயே இயக்குநராகவும் பொருளாளராகவும் இருந்தார். ஸ்டாமோஸ் தன் படங்களுக்கு அதே கேலரியை எதிர்பார்த்திருந்தவர். விற்பவர் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் வாங்குபவர் தரப்பிலும் லாபம் உள்ளவர்கள். ரோத்கோவின் மகள் கேட் 1971இல் வழக்குத் தொடுத்தார். 1972இல் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட்டது. அதை மீறி 57 படங்கள் கைமாறின. 1975 டிசம்பரில் தீர்ப்பு: மூவரும் நீக்கம், இரண்டு ஒப்பந்தங்களும் ரத்து, 92,52,000 டாலர் இழப்பீடு, தடையை மீறியதற்கு 33,32,000 டாலர் அபராதம். லெவின் தனக்கு லாபம் தேடாதவர், ஆனாலும் மற்ற இருவரின் நிலை தெரிந்தும் சும்மா இருந்தார் என்பதற்காக 64,64,880 டாலர் வரை அவரும் பொறுப்பாக்கப்பட்டார். 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

50 சதவீதக் கமிஷன் என்பது இன்று கேலரிகளில் பரவலான விகிதம். அதை மட்டும் பார்த்துச் சண்டைபோடுவதில் பயனில்லை. ஒப்படைப்புக் காகிதத்தில் பணம் கசிகிற இடங்கள் வேறு. முதலாவது தள்ளுபடி. 100 என்று விலை போட்ட படத்தை கேலரி 90க்கு விற்கிறது. தள்ளுபடியை இருவரும் சமமாக ஏற்றால் ஓவியருக்கு 45. ‘கேலரிப் பங்கு விலைப்பட்டியலின் பாதி’ என்று எழுதியிருந்தால் கேலரிக்கு 50, ஓவியருக்கு 40. ஒரே சொல் வித்தியாசம்: விலைப்பட்டியலின் பாதியா, விற்ற விலையின் பாதியா. எத்தனை சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்க ஓவியரைக் கேட்க வேண்டும் என்ற எல்லையையும் எழுதுங்கள். பத்து என்பது நியாயமான எல்லை. இரண்டாவது, படத்துக்கு மரச்சட்டம் (ஃபிரேம்) போட்ட செலவு. சட்டம் ஓவியர் போட்டது, விலை சட்டத்தோடு சேர்த்து என்றால், கமிஷன் சட்டத்தின் மேலும் போகிறது. அந்த ஃபிரேம் செலவை முதலில் கழித்துவிட்டு மீதியைப் பங்கிடச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் மிகப் பெரியது: பணம் எப்போது வரும். வாங்குபவர் பணம் கட்டிய 30 நாளுக்குள் என்று நாளைக் குறிப்பிட வேண்டும். ‘விற்பனை முடிந்ததும்’ என்ற சொல்லுக்கு எல்லையே இல்லை. முழுத் தொகை ஓவியர் கையில் சேரும்வரை படத்தின் உரிமை ஓவியருடையது என்ற வரி இல்லாவிட்டால், கேலரி நொடித்துப்போகும் நாளில் சுவரில் தொங்கும் படங்கள் கேலரியின் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். வாங்கியவர் பெயரையும் கேட்டு வாங்குங்கள். பல கேலரிகள் தயங்கும். ஆனால் பத்தாண்டு கழித்து ஒரு படத்தைக் காட்சிக்குக் கடனாகப் பெறவோ, வெளிறியிருக்கிறதா என்று பார்க்கவோ அந்தப் பெயர் இல்லாமல் முடியாது.

ஒப்படைப்புக்குக் கால எல்லை வேண்டும், ஆறு மாதம் போதும். ரோத்கோ படங்களுக்குப் போட்ட பன்னிரண்டு ஆண்டைப் போல ஒருபோதும் வேண்டாம். படம் போகும்போது இரு தரப்பும் கையெழுத்திட்ட நிலைக்குறிப்பும் நான்கு மூலைகளின் நெருக்கப் புகைப்படமும் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது கட்டைப் பிரித்த அன்றே அவற்றோடு ஒப்பிட வேண்டும். மறுவாரம் கண்டுபிடித்த நசுங்கலுக்கு எந்தக் காப்பீடும் பதில் சொல்லாது. காப்பீட்டுத் தொகை ஓவியர் பங்கையாவது ஈடுகட்ட வேண்டும், பொருட்செலவை மட்டும் அல்ல. போகும் செலவு ஒருவர், வரும் செலவு ஒருவர் என்று எழுதிவிட்டால் காட்சி முடிந்தபின் வாக்குவாதம் இல்லை.

உயிலைப் பொறுத்தவரை, படங்களை விற்கும் கேலரியோடு பணத்தொடர்பு உள்ள எவரையும் நிறைவேற்றுபவராகப் போடக் கூடாது. எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி. அவருக்குக் கையில் கொடுக்க ஒரு பட்டியலும் வேண்டும்: ஸ்டூடியோவில் இருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண், அளவு, புகைப்படம், இப்போது எங்கே இருக்கிறது, விலை போட்டிருந்தால் எவ்வளவு, யாரிடம் ஒப்படைப்பில் உள்ளது, ஒப்படைப்பு எந்தத் தேதியில் முடிகிறது. முடிக்காத படங்களுக்கும் விற்கக் கூடாதவற்றுக்கும் தனிப் பக்கம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் பட்டியலைத் திருத்தி, ஒரு பிரதியை வீட்டிலும் ஒன்றை வழக்கறிஞரிடமும் வையுங்கள். எண்ணைப் படத்தின் பின்னால் சட்டக் கட்டையிலும் கேன்வாஸ் மடிப்பிலும் என்று இரண்டு இடத்தில் பென்சிலால் எழுத வேண்டும். சட்டத்தை மாற்றும்போது கட்டையோடு எண்ணும் போய்விடும்.